அங்கியின் ஓரம்

பக்கத்து அறையில் யாரோ மேசையை ஓங்கி அறையும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, "அன்பான சபையாரே!" என்று ஒரு பெண்குரல் முழங்கி, அடுத்த நொடியே இருமியது.

போதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகை பார்க்கும் அவளிடம் ஓடிப்போய், "அக்கா, மூச்சு விட்டுப் பேசுங்க!" என்று சொல்ல நெஞ்சு துடித்தது. சொல்ல முடியாது. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று வாரத்துக்குள் வாய் திறந்தால் குரல் திரும்பவே திரும்பாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல இப்பத்தான் நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிக்கிறேன்" என்றாள் மனைவி, அவருடைய அங்கியின் கழுத்தைச் சரிசெய்தபடி.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். இன்று தலைமை அலுவலகத்துச் செயலாளர் வருகிறார். போதகரின் குரல் இல்லாமல் சபை நடக்காது என்று அவருக்குப் பட்டால் போதும், இங்கே புது ஆள் வந்துவிடுவார், இவருக்கு எங்கோ ஓர் அலுவலக நாற்காலி.

ஒரு காலத்தில் இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். "தம்பி, எதையாவது பேசிக்கிட்டே இருப்பா" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இரண்டு மணி நேரம் பேசினார், ஜெபித்தார், தப்புத்தாளமாகப் பாடினார். கதவு திறந்தபோது அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர்தான் தேம்பி அழுதுகொண்டிருந்தார்! கடவுள் தன்னைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான் என்று நம்பினார். எதற்கு அழைத்தார்? இந்தக் குரலுக்காக. அந்தக் குரலே போய்விட்டால்?

முதல் இரண்டு ஞாயிறும் வெளியூர்ப் போதகர்கள் வந்து சமாளித்தார்கள். இன்று பேசப்போவது சபையின் தையல்கார அக்கா. அவள் தடுமாறக்கூடாதே என்று, இயேசுவைத் தொட்டுச் சுகமான பெண்ணைப் பற்றி நான்கு பக்கப் பிரசங்கத்தைப் போதகரே எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆராதனையில் அக்கா மேடையேறி முதல் பக்கத்தைத் தாண்டினாள். இரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஆகையினால்... ஆகையினால்..."

விரலால் வரியைத் தேடினாள். முன்வரிசையில் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

போதகர் எழுந்து விறுவிறுவென்று மேடையேறினார். உதடுகள் பிரிந்தன. ஒரே ஒரு வார்த்தை! அவளும் தப்பிப்பாள், தானும் தப்பிக்கலாம். மனைவி பயத்தில் கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் பார்வை அந்தக் காகிதத்தில் விழுந்தது. அந்த 'ஆகையினால்' அவருடையது. வரிக்கு வரி அவருடையது. அக்கா பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது 'ஆகையினால்' என்று சொல்லியிருப்பாளா? ஐயோ, அவளுக்கு மேடையைக் கொடுக்கவே இல்லையே! தன் குரலை அல்லவா அவள் வாயில் திணித்திருக்கிறார்!

காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். சபை திகைத்தது. அவரோ குனிந்து, தன் அங்கியின் ஓரத்தைத் தூக்கி அவளிடம் காட்டினார்.

"ஐயோ பாஸ்டர், இதை நான் மூணு தடவை தைச்சுட்டேன்!"

சபையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"பன்னிரண்டு வருஷமா சீக்கா கெடந்த அந்தப் பொம்பள, கூட்டத்துல புகுந்து இயேசுவோட உடுப்புல எதைத் தொட்டா? காலரையா? கையையா? ஓரத்தை! தையக்காரி சொல்றேன், கேளுங்க. துணியில முதல்ல அழுக்காகறது ஓரம். நாலு பேர் மிதிக்கிறது ஓரம். தரையோட தரையா இருந்தவளுக்கு அதுதான் எட்டுச்சு. அவளுக்கு எட்டுற இடத்துல அவரும் நின்னாரே!"

"ஆமென்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, கூரை அதிர்ந்தது. போதகரின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். அத்தனையும் ஆனந்தம்!

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன் பாஸ்டர். உங்களை மாத்துற உத்தரவோடதான் வந்தேன்." பையைத் தட்டிக் காட்டினார். "அது இங்கேயே கெடக்கட்டும். குரல் வந்தாலும் வராட்டியும் இந்தச் சபைக்கு நீங்கதான்."

போதகர் சிலேட்டில் பரபரவென்று எழுதினார்: 'வந்தாலும் மாதம் இரண்டு ஞாயிறு சபையாரே பேசுவார்கள். நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.'

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்த அக்காவை எங்க சபைக்கும் ஒரு தடவை அனுப்புங்க."

"அனுப்பறோம் ஐயா. ஆனா பத்திரமா திருப்பி அனுப்பிடணும், ஆமா!" என்றாள் மனைவி.

அவர் விடைபெற்றுப் படியிறங்கினார். கத்தவும் முடியாமல், அடக்கவும் முடியாமல், போதகர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குதிக்க ஆரம்பித்தார். செயலாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் மனைவி அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.