படகுக்குத் தகடு வைத்த இருளப்பசாமி

அது பொய். இருளப்பசாமிக்குக் கடற்கரையில் ஒரு பொம்பளை இருக்கிறாள், அவளுக்காகத்தான் பட்டறையைப் போட்டுவிட்டுப் போனான் என்று திருச்சுழி ரோட்டுக் குழாயடியில் பேசுகிறார்களே, அத்தனையும் பொய். ஒரு பொம்பளை இருந்தாள், அது நிஜம். சோலையம்மாள் என்று பெயர். ஐம்பது வயதுக்காரி, தீவுகளில் கடல்பாசி பறித்துப் பிழைக்கிறவள். அவள் கை முறிந்ததற்கும் இவர் போனதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி கண்ணு காது மூக்கு வைத்துச் சொல்கிற சம்பந்தம் இல்லை. நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

இருளப்பசாமி எம்.ரெட்டியபட்டிக்காரர். பருத்தி நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் ஆயில் என்ஜின் பட்டறை வைத்திருந்தார். கிணற்றுப் பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்தில் நோவு என்று சொல்லிவிடுவார். கடலை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், ராமேசுவரத்தில், அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது.

எழுபத்திரண்டாம் வருஷம் ராமசுப்பு ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். கடல்பாசி வாங்கி மதுரைக்கு அனுப்புகிற வியாபாரி அவர். பெண்களைத் தீவுக்குக் கூட்டிப்போய்ப் பாசி மூட்டையோடு திரும்ப, ஏர்வாடிப் பக்கம் சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். இது அந்தப் படகின் பின்னால் தொங்குகிற மோட்டார்.

"ஏப்பா இருளப்பா, வேகம் குடுத்தா படகு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது. ஓட்டுறவனுக்கு முன்னால வானந்தான் தெரியுதாம்."

இருளப்பசாமி பிரித்துப் பார்த்தார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. "கோளாறு படகுலதான் அண்ணாச்சி. நான் வந்து பாக்கணும்."

போய்ப் பார்த்தார். படகோட்டி வெள்ளத்துரை வேகம் கொடுத்ததும் பின்புறம் அமிழ்ந்து மூக்கு எழும்பியது. பின்னால் உட்கார்ந்த பெண்களின் மடியெல்லாம் தண்ணீர். வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்புமே, அதே கதை. பெண்களை முன்னால் நகர்த்தி உட்கார வைத்தார். கொஞ்சம் தேவலை. ஆனால் திரும்பும்போது ஈர மூட்டைகளை முன்னால் ஏற்ற இடமில்லை. பாரத்தை நகர்த்த முடியாது என்றால் பின்புறத்தை எதுவோ தூக்கிக் கொடுக்க வேண்டும். எது தூக்கும்? ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஓடுகிற படகின் பின்னால் ஒரு துண்டுப் பலகையைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் அவர் கையையே மேலே தள்ளியது.

அவ்வளவுதான் விஷயம். மோட்டாருக்கு இரண்டு பக்கமும், படகின் பின்பலகை அடியில், கதவுக்கு வைப்பதுபோல் கீல் வைத்து இரண்டு தகடு மாட்டினார். முதலில் வைத்தது முழ நீளம். படகு மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு தடுமாறியது. நீளத்தைச் சாணாகக் குறைத்து அகலத்தைக் கூட்டினார். தகட்டின் சாய்வைத் திருகி ஏற்றி இறக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைக்கம்பி வைத்தார். ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்காருவதால் படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. வலது தகட்டை மட்டும் இன்னும் நாலு சுற்று இறக்கினார். படகு பரம்படித்த காடு மாதிரி மட்டமாக ஓடியது. பெண்கள் மடி நனையாமல் தீவுக்குப் போனார்கள்.

வெள்ளத்துரைக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அண்ணே, கீலும் போல்ட்டும் பித்தளையில போடுங்க. கடத்தண்ணி இரும்ப விட்டுவைக்காது."

இருளப்பசாமி சிரித்தார். "ஏலே, எங்க ஊருக் கிணத்துத் தண்ணிய நீ குடிச்சிருக்கியா? மாடே மூஞ்சியத் திருப்பிக்கிரும். அதுல பத்து வருசமா என் இரும்பு கெடக்குது. எனக்கா உப்பச் சொல்லித் தாரே?"

படகு மட்டமாக ஓடுவதைக் கேள்விப்பட்டு இன்னும் மூன்று படகுக்காரர்கள் அவரிடமே தகடு மாட்டிக்கொண்டார்கள். எல்லாம் இரும்புக் கீல்.

மூன்று மாதம் ஓடியது. தை மாதம் வெள்ளத்துரை பஸ்ஸில் வந்து இறங்கினான். சாக்குத் துணியைப் பிரித்து ஒரு கீலை எடுத்து நீட்டினான். இருளப்பசாமி வாங்கி விரலால் நசுக்கினார். பொரி மாதிரி உதிர்ந்தது. இடது கீல் வேகத்தில் ஒடிந்து, ஒற்றைத் தகட்டோடு படகு ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டதாம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் கடலில் விழுந்தாள். தூக்கி எடுத்துவிட்டார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்துவிட்டது.

"அவ என்னடா சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லலண்ணே. நாந்தான் வேகமா ஓட்டிட்டேன்னு நெனைக்கிறா."

அந்தச் சொல்தான் அவரைக் குத்தியது. "நீ இப்பவே திரும்பிப் போ. மத்த மூணு பேரையும் நான் வார வரைக்கும் கரையில கட்டிப்போடச் சொல்லு" என்று அடுத்த பஸ்ஸிலேயே அவனை ஏற்றிவிட்டார். பழைய பம்புகளில் இருந்த பித்தளைப் புஷ்களைக் கழற்றி உருக்கி வார்த்து, கடைசல் எந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து, நாலு நாளாகக் கீல் செய்தார். சோறு பட்டறைக்கே போனது.

மூன்றாம் நாள் ராமசுப்பு வந்தார். "ஆளவிட்டுத் தகட்டக் கழட்டிருவோம். மோட்டார் அதிருதுன்னு ஏதாச்சும் சொல்லிக்கலாம். உன் வேலையிலதான் தப்புன்னு நீயே சொன்னீன்னா, நாளைக்கு வெள்ளாமை பாக்குற எந்தச் சம்சாரி உங்கிட்டப் பம்பக் கொண்டு வருவான்?"

"காரணம் தெரியலேன்னா இன்னொருத்தன் மறுபடியும் இரும்பு வைப்பான் அண்ணாச்சி. பழி அந்த வெள்ளத்துரைப் பய மேல கெடக்கு."

"அப்ப உன் பாடு."

ராமசுப்பு சொன்னது பொய்யில்லை. வேலை சுத்தம் என்ற பெயரை நம்பித்தான் பட்டறை நடந்தது, அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அது இருளப்பசாமிக்குத் தெரியாதா? கடைசல் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் நாள் காலை. அவர் மனைவி முருகேஸ்வரி புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன நாளைக்கு?"

"நாலு படகுக்கும் கீல மாத்தணும். அப்புறம் அந்தப் பொம்பளைக்குக் கை கூடுற வரைக்கும் அவ வேலைய யாராச்சும் பாக்கணுமில்ல."

"நீங்க பாசி பறிக்கப் போறீகளா? உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"மூட்ட தூக்கத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "ஊரு என்ன பேசும்னு தெரியுமில்ல?"

"நீ என்ன பேசுவே?"

அவள் பொட்டலத்தைப் பையில் வைத்து, கீல் மூட்டையை அவர் தோளில் ஏற்றிவிட்டாள்.

வாசலில் பாலவனத்தத்துச் சம்சாரிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு வண்டியில் பம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "எங்க அண்ணே கெளம்பிட்டீக?" என்றார் ஒருவர்.

பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். விசேஷ வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். நின்றார்.

"நான் வச்ச கீலு ஒடஞ்சு ஒரு பொம்பளைக்குக் கை முறிஞ்சிருச்சு. தப்பு என்னோடது. சரிபண்ணப் போறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் மாட்டைத் திருப்பித் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மற்றவர் தன் பம்பை இறக்கிப் பட்டறைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "வந்து பாருங்க. அவசரமில்ல" என்றார்.

இருளப்பசாமி அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.