கைராசி அக்காவின் மூன்று சுற்றுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைக் கைராசி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாகத் தட்டுகளில் பூஞ்சை வளர்க்கிறார். வீட்டில் ரொட்டியில் பூஞ்சை பிடித்தால்கூட, "நல்லா வந்திருக்கே" என்பாராம். கணவர் தலையில் அடித்துக்கொள்வாராம்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து தேடும் என் வேலை கணினியோடு. பூஞ்சை உயிர்வாழ ஒரு நொதி வேண்டும். அதன் உருவத்தைத் திரையில் வைத்து, இரண்டு லட்சம் மூலக்கூறுகளில் எது அதன் குழியில் கச்சிதமாக உட்கார்ந்து அதை முடக்கும் என்று கணினியைத் தேட வைப்பேன். தேறிய நாற்பதையும் பூஞ்சைமேல் சோதித்துப் பார்க்க அக்காவிடம் கொடுத்தேன். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் கொடுத்தேன்.

ஒன்றும் பலிக்கவில்லை. பூஞ்சை ஜம்மென்று வளர்ந்தது.

அன்று மாலையே பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். தேடலுக்கு முன் நொதியில் ஒட்டியிருக்கும் தண்ணீரை நீக்குவது வழக்கம். அந்த அவசரத்தில், குழியின் நடுவே இருக்கும் இரும்பு அணுவையும் சேர்த்து அழித்திருந்தேன். மருந்து பிடித்துக்கொள்ள வேண்டியதே அந்த இரும்பைத்தான். அது போன காலி இடத்தில்தான் என் நாற்பதும் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுக்கூட இயக்குநர் முன்னால் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மருந்தைக் கரைத்ததில் தன் கைதான் பிசகியது என்று நினைத்த அக்கா, இரண்டாம் சுற்று செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து மூன்றாவதும் செய்தார். நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதுவும் தோற்றபின் நடந்த கூட்டத்தில் அக்கா எழுந்து, தன்னைப் பொருட்கள் வைக்கும் அறைக்கு மாற்றிவிடச் சொன்னார்.

"வயசாச்சு சார். கை முன்ன மாதிரி இல்ல."

இயக்குநர் யோசிப்பதாகச் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும், கை கழுவும் தொட்டியருகே அவரைப் பிடித்தேன்.

"அக்கா, தப்பு என்னோடது. நொதியில இருந்த இரும்ப அழிச்சுட்டேன். அந்த நாப்பதும் வேலை செய்யவே செய்யாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் சுற்று முடிஞ்ச அன்னிக்கே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவரோ தன் ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா தம்பி?"

கண் நிறைந்திருந்தது, சந்தோஷத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆமாக்கா என்று சொல்லிவிட்டு, இயக்குநர் அறைக் கதவைத் தட்டப் போனேன்.