எப்போது நின்றது?

பிரஷர் பார்ப்பது சுலபம். மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டுப் பதில் வாங்குவதுதான் எங்கள் துறைமுக வீதிக் கிளினிக்கில் தாதி வேலையின் பெரும்பாடு. மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் என் சகோதரிகளே, வருடம் சொன்ன ஒருத்தியையாவது நான் இங்கே கண்டதில்லை. உடம்புச் சூட்டுக்கு ஹோர்மோன் மருந்து தொடங்க அந்த வருடம் முக்கியம். நின்று பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்கினால், மற்றபடி சுகமாகவும் இருந்தால் இதயத்துக்குப் பயம் குறைவு. பிந்தித் தொடங்கினால் மாரடைப்பு, இரத்தக்கட்டி என்று பயம் கூடும்.

சுனாமிக்கு அடுத்த நோன்பு

கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் ராத்தா ஒருவருக்கு எழுபது வயது. இன்னும் உடம்பு கொதிக்கிறதாம். "சுனாமிக்கு அடுத்த நோன்பில நிண்டது" என்றார். இருபது வருடம் தாண்டிவிட்டது. இனி இந்த மருந்தைத் தொடங்குவது இதயத்துக்கு நல்லதல்ல, வேறு மருந்து தருகிறேன் என்றார் டொக்டர். ராத்தா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப கேக்க வெக்கமா இருந்திச்சு தங்கச்சி. இப்ப வெக்கம் போயிட்டு, காலமும் போயிட்டு."

சல்லிக் கருவாடு

சல்லிக் கடற்கரையில் கருவாடு போடுகிற பெண்ணுக்கு ஐம்பது வயது. "புது வள்ளம் கடலில இறக்கின வருஷம்" என்றாள். இரண்டு வருடம்தான். பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் நன்றாக இருந்தன. தோலில் ஒட்டுகிற ஹோர்மோன் மருந்து எழுதிய டொக்டர், இது சூட்டுக்கும் நித்திரைக்கும்தான், இதயத்தைக் காக்கிற மருந்தென்று நினைக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். அவள் எனக்கு ஒரு பொதி கருவாடு தந்துவிட்டு அவரிடம் சொன்னாள்:

"இதயத்தை நான் பாத்துக்கொள்ளுறன் டொக்டர். எனக்கு ஒரு முழு நித்திரை தாங்கோ, அதுவே காணும்."

கட்டார் விமானம்

எனக்கு நின்றது என் கணவர் கட்டாருக்கு ஏறிய மாதம். ஒன்பது வருடம். அடுத்த மாதம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வருகிறார். எனக்கோ இரவில் நாலு தரம் போர்வையை உதறிவிட்டு எழும்பி முகம் கழுவுகிற சீவியம். அவருக்குப் பக்கத்தில், ஒரே போர்வைக்குள், விடியும்வரை படுக்க எனக்கு ஆசை. ஐம்பத்தாறு வயதில் இதை யாரிடம் சொல்வது? ஒருநாள் பிரஷர் பட்டியைச் சுற்றிவைத்தபடி டொக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழும்பி வந்தார்.

"எல்லாரையும் நீங்கள் கேட்டனீங்கள், உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே. அந்தக் கதிரையில இருங்கோ, கையைத் தாங்கோ."

பிரஷர் கூடித்தான் இருந்தது. அது இறங்கினால்தான் ஒட்டுமருந்து என்றதால், ஊராரின் இதயத்தையெல்லாம் பார்த்தவள் இப்போது உப்புக் கூடாதென்று சல்லிக் கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.