பத்துக்கு ஒன்பது

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருந்தது. 2008-ல் சிதம்பரத்திலிருந்து தினமும் டவுன் பஸ் ஏறி, கீரப்பாளையம் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கு ஆங்கிலம் நடத்தப் போய்க்கொண்டிருந்தேன்.

"புள்ளைங்க கையில குடுத்தா கிழிச்சிடும் டீச்சர். ஆடிட்டுல கேட்டா யாரு பதில் சொல்றது?" என்பார் தலைமையாசிரியர். யாரும் படிக்காத புத்தகம் கிழியாமல் இருந்து என்ன பிரயோசனம் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஒரு மாதம் நச்சரித்துச் சாவியை வாங்கினேன். ஒரு புத்தகம் பாழானாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். "இதுக்கு கொஸ்டின் ஆன்சர் எப்ப டீச்சர் குடுப்பீங்க?" என்று கேட்டார்கள். பரீட்சைக்கு வராது என்றேன். முகங்கள் அப்படியே வாடிப்போயின. திங்கட்கிழமை பாதிப் புத்தகங்கள் பிரவுன் அட்டை போட்டு, பிரிக்கப்படாமலே வந்தன. வீட்டில் ஆடு வளர்க்கும் ஒரு பெண் மட்டும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஓர் ஆட்டுக்குட்டியின் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அந்தக் குட்டி ஏன் காணாமப் போச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் குட்டி டீச்சர்?"

எனக்கு வந்த எரிச்சலில் மேசையைத் தட்டினேன். "மனப்பாடம் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அகராதியப் பாரு, படத்தப் பாரு, புரிஞ்சி படி. அதுல எழுதியிருக்கறது சரியா தப்பான்னு சொல்லு, அது போதும்!" அதே புத்தகத்தை மறுபடி அவளிடமே கொடுத்தனுப்பினேன். கத்திய கத்தலில் என்ன சொன்னேன் என்பது மதியத்துக்குள் எனக்கே மறந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் புத்தகம் வந்தது. தலைமையாசிரியர்தான் முதலில் பிரித்துப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர்? பக்கத்துக்குப் பக்கம் செவப்பு மையில கிறுக்கி வச்சிருக்கு." சாவிக்காகக் கையை நீட்டினார். சாவி போகிற ஆத்திரத்தில் அந்தப் பெண்ணை அவர் எதிரிலேயே திட்டித் தீர்த்தேன். உன் ஒருத்தியால் எல்லோருக்கும் புத்தகம் போச்சு என்றேன்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், பரீட்சைத் தாளில் நான் போடுகிற மாதிரியே, ஒரு டிக். கஷ்டமான வார்த்தைகளுக்கு மேலே பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம். குட்டி மழையில் நனைந்தபடி சந்தோஷமாகப் புல் மேய்ந்தது என்ற இடத்தில் மட்டும் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு, பத்துக்கு ஒன்பது. புத்தகத்துக்கு மார்க் போட்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மார்க்கை ஏன் குறைத்தாய் என்று கேட்டேன்.

"மழையில ஆடு மேயாது டீச்சர். ஒரு தூறல் விழுந்தாலே கத்திக்கிட்டு வீட்டுக்கு ஓடியாந்துடும். நீங்கதான சரியா தப்பான்னு சொல்லச் சொன்னீங்க."

தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"இனிமே பென்சில்லயே போடறேன் டீச்சர். வேற புக்கு குடுப்பீங்களா?"

சாவி டிராயருக்குத் திரும்பிப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.