வால்வுக்கு முன்னால் ஒரு வளையம்

மும்பை திலக் நகரில் எங்கள் அத்தை வீட்டு பால்கனியில் துணி காயப்போட முடியாது. ஏரியல் கம்பி கட்டியிருக்கும். அத்தை ஹாம் ரேடியோக்காரி; லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவள். வாரம் முழுக்க ஸ்டாஃப் பஸ்ஸில் வேலைக்குப் போவாள். ஞாயிறு காலை மைக்கைப் பிடிப்பாள். ஊர் ஊராக இருக்கும் தமிழ் ஹாம்கள் அப்போது ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். அத்தை கூப்பிட்டால் மட்டும், திருநெல்வேலியிலிருந்து அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர், "யாரோ கூப்பிடுதாங்க, ஒண்ணும் விளங்கல" என்று அடுத்தவருக்குப் போய்விடுவார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

குரல் தூரம் போக, ஆறு மாதம் உட்கார்ந்து, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினாள். கட்டியும் சத்தம் ஏறவில்லை.

"பெரிய வால்வா வாங்கிப் போடுளா" என்றார் மாமா. வால்வைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வால்வுல குத்தமில்ல. ரேடியோ ஒரு இம்பீடன்ஸ்ல அனுப்புது, வால்வு வேற இம்பீடன்ஸ்ல வாங்குது. குர்லா ஸ்டேஷன் படிக்கட்டுல கூட்டம் முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி, போற பவர் உள்ள நுழையாம திரும்பி வருது."

திரும்பி வருவதைக் காட்டும் மீட்டரின் முள்ளைப் படித்துச் சொல்வது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. அத்தை ஒரு ஃபெரைட் வளையத்தில் செப்புக் கம்பியைச் சுற்றினாள், ரேடியோவுக்கும் வால்வுக்கும் நடுவில் பொருத்தினாள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிரித்தாள். நான்கு ஞாயிறு இதே கதை. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு பொறுமையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஐந்தாவது ஞாயிறு முள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது; பவர் எதுவும் திரும்பி வரவில்லை.

அத்தை கூப்பிட்டாள். திருநெல்வேலி உடனே பதில் சொன்னது.

"மும்பை ஸ்டேஷன், குரல் கணீர்னு இருக்கு. செட்டு பிரமாதம். மைக்கை சார்ட்ட குடுங்கம்மா, எப்படிச் செஞ்சாருன்னு கேட்டுக்கிடுதேன்."

"செஞ்சது நான்தான். சார் உள்ள காபி போட்டுக்கிட்டிருக்காரு. ஓவர்."

மாமா அந்த நேரம் பேப்பரும் கையுமாக என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைத் தொடாத மனிதர். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. கால் மணி நேரம் கழித்து மூன்று தம்ளர் வந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை ரேடியோ பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சர்க்கரையே போடவில்லை என்று சொன்னது நான்தான். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.