கதவில் போட்ட வட்டம்

வீடு வீடாக ஏறிக் கணக்கெடுத்தவர்களுக்குத் தெரியும், நாய்கூடச் சில நேரம் உள்ளே விடும். ஆட்கள் விட மாட்டார்கள். தொண்ணூறுகளில், பிளஸ் டூவில் கோட்டைவிட்ட எனக்குத் தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலை: பிறவிக் குறையோடு எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று எழுதி வர வேண்டும். குறை இல்லாத வீட்டுக் கதவில் சாக்பீஸால் டிக், இருந்தால் வட்டம். எவன் கண்டுபிடித்தானோ!

சிட்லபாக்கத்து சார்

ரிட்டயர்டு சார் ஒருவர் கேட்டைத் திறக்காமலே என் ஃபாரத்தை வாங்கி, அரைமணி நேரம் இங்கிலீஷைத் திருத்தினார். ஒரு வயசுக்குள் குழந்தை உண்டா என்று கத்தாத குறையாகக் கேட்டேன். "பேரன் இருக்கான்மா, அமெரிக்காவுல. நல்ல வெயிட்டுன்னு எழுதிக்கோ."

லிஸ்டில் ஒரு வீடு, குழந்தை வேறு வீடு

ஆஸ்பத்திரி கொடுத்த பிரசவ லிஸ்டில் இருப்பது புருஷன் வீட்டு விலாசம். குழந்தையோ பிரசவத்துக்குப் போன அம்மா வீட்டில். மாடம்பாக்கத்தில் விமலா என்ற பெண்ணைத் தேடிப் போனால் மாமியார்தான் இருந்தார். "ராஜகீழ்ப்பாக்கத்துல அவங்க அம்மா வூட்ல கீது. போனா துணில சுத்தி மூஞ்ச மட்டும் காட்டறாங்க. நீயாவது முழுசா பாத்துட்டு வந்து சொல்லு."

ஈரத்துணி

ராஜகீழ்ப்பாக்கத்தில் விமலாவின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே குழந்தை அழுது துணியை உதைத்தது. இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. இப்போதே மாவுக்கட்டு போட ஆரம்பித்தால் நேராக்கலாம், நாள் கடத்தினால் கஷ்டம் என்று சூப்பர்வைசர் மேரி அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். விமலா தலையாட்டினாள். சட்டப்படி வட்டமும் போட்டேன். நான் படி இறங்குவதற்குள் அந்த அம்மா ஈரத்துணியோடு வந்துவிட்டார். வட்டத்துக்கு அர்த்தம் தெருவுக்கே தெரியுமே! "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என் பொண்ணு வாழாவெட்டியா வந்து நிப்பா. மொதல்ல உன் சாக்பீஸத் தூக்கி எறி."

தெரு முழுக்க

எறியவில்லை. மறுநாள் அந்தத் தெருவில் ஒரு கதவு விடாமல் வட்டம் போட்டேன், பூட்டிய வீடு உட்பட. ரிஜிஸ்டரில் மட்டும் சரியாக எழுதினேன். தெருவே ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்கு வந்தது. மேரி அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே விமலா குழந்தையோடு நின்றாள். "எல்லார் கதவுலயும் இருக்குன்னதும்தான்க்கா எங்கம்மா என்னை வெளிய விட்டாங்க."

எங்க வூட்டு மூக்கு

இரண்டாவது கட்டுக்கு அவள் மாமியாரும் வந்தார். விமலாவே சொல்லியனுப்பியிருக்கிறாள். மாவுக்கட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தார். விமலாவின் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இதுக்கா ஒளிச்சு வெச்சிகினு இருந்தீங்க? மூக்கப் பாரு, அப்படியே எங்க வூட்டு மூக்கு."

அடுத்த மாதம் ஒருவழியாகச் சாக்பீஸை ஒழித்துவிட்டு, வட்டத்துக்குப் பதிலாகக் கதவில் ஒட்டச் சொல்லி என் கையில் சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.