சப்பாத்தைக் கழற்றச் சொல்ல ஒரு வாங்கு

அடுத்தவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கும் உரிமை யார் யாருக்கு உண்டு என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இருக்கத் தேவையுமில்லை. உரிமையுள்ளவர்களுக்கு அது பிறவியிலேயே தெரிந்திருக்கிறது. காப்புறுதி விற்க வருகிறவருக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால் மட்டும் கும்பிட்டுக்கொண்டு வருகிறவருக்கு மிக நன்றாகத் தெரியும். கணேஸ் வீட்டு வெள்ளைத் தரையில் இவர்கள் விட்டுப்போன சேற்றை வழித்துச் சேர்த்திருந்தால், இந்நேரம் அதில் இரண்டு வாழை நட்டிருக்கலாம்.

கணேஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கண்டி டவுனில் ஒரு டைல்ஸ் கடையில் இருபத்தாறு வருடமாக ஊரார் தரைகளுக்கெல்லாம் பெட்டி தூக்கியவர். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ஓட்டோக்காரர் பாதியில் இறக்கிவிட்டுத் திரும்பும் சரிவில், இப்போது அவருக்கும் ஒரு வீடு, அதற்கும் ஒரு தரை. ஓரம் உடைந்ததென்று கடை ஒதுக்கிய டைல்ஸ்தான். உடைந்த ஓரங்களையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி அவரே ஒட்டினார்.

இத்தனையும் செய்தவருக்கு, "சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"கடையில அம்பது கிலோ மூட்டையத் தூக்குற ஆளு, மூணு வார்த்தையத் தூக்க முடியலையா?" என்பாள் மனைவி நிலூஷா, தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே.

"வந்தவங்ககிட்டப் போயி எப்படி புள்ள சொல்றது?"

"அப்ப தொடைக்கிறத நீங்களே தொடைங்க."

துடைக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் கணேஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசல் கதவுக்கும் ஹோலுக்கும் நடுவில் உள்ள சின்ன நடையில் ஒரு மர வாங்கு. மேலே உட்காரலாம், கீழே இரண்டு தட்டில் சப்பாத்து வைக்கலாம். அதைப் பார்த்தபிறகும் ஒருவன் கழற்றாமல் வருவானா?

டைல்ஸ் வந்த பெட்டிகளின் பலகையைப் பிரித்து, ஆணி பிடுங்கி, மெழுகியதுபோல ஆகும்வரை தேய்த்தார். கண்டி மழையில் நனைந்து வரும் சப்பாத்திலிருந்து தண்ணீர் இறங்கட்டுமென்று தட்டுச் சட்டங்களுக்கிடையில் ஒரு விரல் இடைவெளி விட்டார். ஆணியே வேண்டாமென்று எல்லா மூட்டிலும் ஸ்க்ரூ. வார்னிஷ் இரண்டு பூச்சு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஒரேயொரு தவறு. வாங்கு என்றால் கணேஸின் கைகளுக்குத் தெரிந்தது தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் கிடந்ததுதான். சாய்வில்லாத, ஒடுங்கிய, நீளமான வாங்கு. மருந்துக்கு வந்த தோட்டத்து ஆட்கள், உள்ளே கூப்பிடும்வரை அதில்தான் இருக்க வேண்டும். அவர் கைகள் அதையே, அதே உயரத்தில், அச்சு அசலாகச் செய்து வைத்தன.

மூன்றாவது ஞாயிறு, பன்வில பஸ்ஸில் அவருடைய அத்தை ராக்கம்மா வந்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். செருப்பைக் கீழே கேற்றடியிலேயே கழற்றிவிட்டு, படியேறி, நடைக்கு வந்து, வாங்கைக் கண்டதும் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எழும்பவில்லை.

"உள்ள வாங்க அத்தை."

"இருக்கட்டும்யா. இங்கயே நல்லா காத்து வருது."

காற்றாவது மண்ணாவது! ஒரு மனுஷன் சொந்தமாக வீடு கட்டி, சொந்தமாகத் தரை போட்டு, சொந்தக் கையால் வாங்கு செய்ததெல்லாம், பெற்ற தாய்க்குச் சமமான ஒருத்தியை வாசலில் காக்கவைக்கவா? நிலூஷா தேத்தண்ணியை நடைக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து வந்தார், தோட்டத்து ஆபீஸின் பழைய பெரிய கிளாக்கர். ஓய்வுபெற்று வருடங்களாகியும் நடையின் மிடுக்குக்கு ஓய்வில்லை. மகன் வீட்டுப் பாத்ரூமுக்கு டைல்ஸ் வேண்டும், கணேஸ் மூலம் விலையைக் குறைக்க வேண்டும். வெளியே நல்ல மழை. காலில் லேஸ் கட்டிய மண்ணிறச் சப்பாத்து. வாங்கைக் கடந்தார், அதைக் கண்டுகொள்ளவில்லை. துள்ளி எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டு நின்ற ராக்கம்மாவையும் கண்டுகொள்ளவில்லை. நேரே ஹோலுக்குள் போய் மெத்தைக் கதிரையில் சாய்ந்தார். வெள்ளைத் தரையில் ஏழு தடங்கள்.

"என்னா கணேசு, பெரிய ஆளாயிட்ட!"

நிலூஷா குசினி வாசலில் துணியோடு நின்றாள். அவள் பார்த்தது தடங்களையல்ல, புருஷனை. கணேஸ் பார்த்தது நடையை. அவர் செய்த வாங்கு காலியாகக் கிடந்தது. பக்கத்தில் அத்தை கைகட்டி நின்றார்.

"ஐயா."

"சொல்லு."

"சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க. அங்க பெஞ்சு இருக்கு."

கிளாக்கர் சிரித்தார். "என்னடா இது, கோயிலா கட்டி வச்சிருக்க?"

"வீடுதாங்க ஐயா," என்றாள் நிலூஷா. "கோயில்னா தொடைக்க வேற ஆளு இருக்கும்."

சிரிப்பு நின்றது. டைல்ஸ் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஐயா எழுந்தார். தன் தடங்களின்மேலேயே திரும்பி நடந்து வாங்கில் உட்கார்ந்தார். வாங்கு முனகவில்லை. முனகியது ஐயாதான், வயிறு குறுக்கே நின்றதால் கை லேஸுக்கு எட்டவில்லை.

ராக்கம்மா குனிந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. அவர் விரல்கள் தாமாகவே அந்தச் சப்பாத்தின் முடிச்சுக்குப் போயின.

"அத்தை! கைய எடுங்க!"

அந்தச் சத்தம் கணேஸிடமிருந்து வந்ததென்று கணேஸே நம்பவில்லை.

"ஐயாவால குனிய முடியலையேய்யா."

"முடியும். மெதுவாக் கழட்டட்டும், மழ விடல்ல. நீங்க உள்ள வந்து கதிரையில உக்காருங்க."

வெள்ளைத் தரை தொடங்கும் இடத்தில் அத்தை தயங்கினார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து முந்தானையால் துடைத்தார். கவனியுங்கள், துடைத்தவர் அவர்! பிறகு சேற்றுத் தடங்களுக்குப் பட்டும்படாமல் நடந்து, கிளாக்கர் எழுந்துபோன அதே மெத்தைக் கதிரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் அசைந்து பார்த்தார்.

"கணேசு, இது ஆடுதுய்யா. நீ செஞ்ச பெஞ்சுதான் ஆடாம இருக்கு."

"அப்ப பெஞ்சுக்கே போறீங்களா அத்தை?" என்றாள் நிலூஷா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ராக்கம்மா நடைப்பக்கம் பார்த்தார். ஐயா இன்னும் இரண்டாவது லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. ஆடுனா ஆடட்டும்."